ஈரத்தில் ஒட்டிய நார்

"ஃபைபர்தானே அண்ணே, அதுக்கு என்ன ஆகப் போவுது?"

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு நிர்வாகக் குழுச் செயலாளர் என்னிடம் கேட்ட கேள்வி இது. எதிரே தண்ணீர்த் தொட்டி. ஒரு மீட்டர் சதுரப் பலகைகளைப் போல்ட் போட்டு இணைத்த கண்ணாடி நார்த் தொட்டி. அதன் கிழக்கு மூலையில் கீழ்வரிசைப் பலகை ஓரமாகச் சொட்டுச் சொட்டாக நீர் கசிந்துகொண்டிருந்தது. பின்னால் கெக் லோக் சி கோபுரம் மழை மேகத்தில் பாதி மறைந்திருந்தது. கொடிமலை முழுவதுமே மறைந்திருந்தது.

குழுவின் திட்டம் சுருக்கமானது. தீபாவளிக்கு முன் ஓர் ஆளைக் கூட்டி வந்து, கசியும் இடத்தில் ஃபைபர் ஒட்டு போட்டு, மேலே பெயின்ட் அடித்துவிடுவது. ஒரே நாள் வேலை. நாற்பது ஆண்டு ஃபைபர் பட்டறையில் கை வைத்தவன் என்பதால் ஒரு வார்த்தைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். "இந்த மழையில் வேண்டாம்" என்றேன். அங்கே தொடங்கியது வாக்குவாதம்.

செயலாளரின் மகன் கனடாவில் பொறியாளராக இருக்கிறார். அவர் சொன்ன ஒரு செய்தி செயலாளரின் கையில் ஆயுதமாக இருந்தது. "அங்க பாலத்துக்குள்ளயே இரும்புக் கம்பிக்குப் பதிலா ஃபைபர் கம்பி போடுறானுங்க அண்ணே. ஆறு மாசம் பனி, ஆறு மாசம் மழை. அதுவே தாங்குது. ஆயர் ஈத்தாம் மழையில உங்க ஃபைபர் கரைஞ்சா போயிடும்?"

கேள்வி நியாயமானது. வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. உங்கள் வீட்டுக் கூரையிலும் இப்படியொரு தொட்டி இருக்கக்கூடும் என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

முதலில், ஃபைபர் என்று நாம் சொல்வது ஒரு பொருள் இல்லை, இரண்டு. ஒன்று கண்ணாடி நார். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இன்னொன்று அந்த நாரைச் சேர்த்துப் பிடிக்கும் ரெசின். பலம் நாருடையது, வடிவமும் காவலும் ரெசினுடையது. சுவரில் கல்லும் கலவையும்போல. கல் நல்ல கல்லாக இருந்தாலும் கலவை பிடிக்கவில்லை என்றால் சுவர் நிற்குமா?

இது மரம்போல மக்காது, இரும்புபோலத் துருப்பிடிக்காது. அந்த இரண்டும் உண்மை. ஆனால் இதிலிருந்து "தண்ணீர் உள்ளே போகாது" என்ற முடிவுக்கு நாம் தாவிவிடுகிறோம். தண்ணீர் போகும். மிக மெதுவாக, கண்ணுக்குத் தெரியாத அளவில், ரெசினுக்குள் ஊடுருவும். பல ஆண்டு ஊறிய பிறகும் எடையில் ஒன்றிரண்டு விழுக்காடுதான் கூடும். நல்ல வேலையாக இருந்தால் அந்தக் கொஞ்சத் தண்ணீரால் பெரிய கேடு எதுவும் இல்லை. உள்ளே காற்றுக் குமிழோ, முழுதாக இறுகாத ரெசினோ, நாரும் ரெசினும் ஒட்டாத இடமோ இருந்தால்தான் கதை மாறுகிறது. தண்ணீர் அந்த இடத்தைத் தேடிப் போய்த் தங்கும். அங்கே மிச்சமிருக்கும் ரசாயனத்தைக் கரைக்கும். கரைசல் அடர்த்தியாக ஆக, வெளியிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும். பழைய படகுகளின் அடிப்பக்கத்தில் கொப்புளம் கொப்புளமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றைக் குத்திப் பாருங்கள், புளித்த காடிபோல வாடையடிக்கும் நீர் பீச்சியடிக்கும். அது கடல் நீர் அல்ல. படகு தனக்குள்ளேயே காய்ச்சிய நீர்.

இதை நான் புத்தகத்தில் கற்றதைவிடக் கொடிமலையில் கற்றதுதான் அதிகம். அந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. நான் வேலை பார்த்த சிறிய பட்டறைக்கு மலைமேல் ஒரு பங்களாவில் வேலை கிடைத்தது. வட்டமான பழைய ஃபைபர் தொட்டி ஒன்று அடியில் விரிந்துவிட்டது, உள்ளே இரண்டு அடுக்கு ஒட்டித் தர வேண்டும். ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்திலிருந்து பழைய மலை ரயிலில் ரெசின் டின்களையும் நார்ப்பாய்ச் சுருளையும் ஏற்றினோம். அப்போது நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். இறக்கி ஏற்றும்போதே தூறல் பிடித்துக்கொண்டது.

மேலே போனால் பனிமூட்டம். கீழே 32 பாகை வெயில் அடிக்கும் நாளிலும் மலையில் ஐந்து பாகை குறைவாக இருக்கும். அன்று மழையும் சேர்ந்து 20-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. அது பெரிய குளிரா என்று நீங்கள் கேட்கலாம். ரெசினுக்கு அது பெரிய வித்தியாசம். கீழே பட்டறையில் 100 பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு ஹார்ட்னர் ஊற்றினால் இருபது நிமிடத்தில் இறுகத் தொடங்கும். அதே கை அளவில் மலைமேல் ஊற்றினோம். ஒரு மணி நேரம் ஆகியும் தேன்போல வழிந்துகொண்டிருந்தது. அதற்குள் பஞ்சுபோன்ற நார்ப்பாய் மூட்டத்தின் ஈரத்தைக் குடித்துவிட்டது. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. ஈர நாரில் ரெசின் பிடிக்காது. பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

பங்களாவின் தோட்டக்காரர் ஒரு தமிழ்ப் பெரியவர். வாசலில் நின்று பார்த்தவர், "தம்பி, இன்னைக்கு மூட்டம் விலகாது. நாளைக்கு வாங்களேன்" என்றார். தவுக்கே கேட்கவில்லை. கடைசி ரயிலுக்கு முன் வேலை முடிய வேண்டும். ஹார்ட்னரை இரண்டு மடங்கு ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். மேல்பக்கம் சட்டென்று இறுகியது. பார்க்கப் பளபளவென்று இருந்தது. அளவு மீறி ஊற்றினால் அவசரமாக இறுகி, உள்ளே முழுமை இல்லாமல் நின்றுவிடும் என்பது தவுக்கேவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. புது வேலை, வீட்டில் கஷ்டம், எதிர்த்துப் பேச வயதும் இல்லை.

எட்டு மாதத்தில் அந்த ஒட்டு முழுப் பாளமாகப் பெயர்ந்து வந்தது. நாங்கள் மறுபடி போன அன்று பெரியவர் கையில் இரண்டு வாளி. மூன்று வாரமாகக் கீழ் வீட்டுக் குழாயிலிருந்து பங்களாவுக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறார். எங்களைத் திட்டவில்லை. பெயர்ந்த பாளத்தைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் நார் வெள்ளை வெளேரென்று, ரெசினே தொடாத பருத்தித் துணிபோல இருந்தது. முப்பது ஆண்டு கடந்தும் அந்த வெள்ளை என் கண்ணில் இருக்கிறது.

ஆக, குளிரும் ஈரமும் ஃபைபரை இரண்டு வேளைகளில் தாக்கும். ஒன்று, செய்யும் வேளை. அதுதான் கொடிமலையில் நடந்தது. இன்னொன்று, செய்து முடித்துப் பயன்பாட்டில் இருக்கும் வேளை. செயலாளர் மகன் சொன்ன கனடா அந்த இரண்டாவது வகை.

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த நாட்டில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க உப்புப் போடுவார்கள். அந்த உப்பு நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துப் பாலத்தையே பிளக்கும். அதனால் சில இடங்களில் கண்ணாடி நார்க் கம்பிகளைப் போட்டுப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் சந்தேகம் இருந்தது. கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். காரம் கண்ணாடியை அரிக்கும். சூடான காரக் கரைசலில் ஊறப்போட்ட கம்பிகள் பலவீனமானதையும் கண்டார்கள். உண்மை நிலையை அறிய, 2000-களின் நடுப்பகுதியில் ஐசிஸ் கனடா என்ற ஆய்வு அமைப்பு, ஐந்திலிருந்து எட்டு ஆண்டு வரை பயன்பாட்டில் இருந்த ஐந்து கட்டுமானங்களில் துளையிட்டு மாதிரி எடுத்தது. கியூபெக்கின் ஜோஃப்ரே பாலமும், நோவா ஸ்கோஷியாவில் கடல் அலை மோதும் ஹால்ஸ் ஹார்பர் துறைமேடையும் அவற்றில் அடங்கும். பனி, உருகல், உப்பு, ஈரம் எல்லாம் பட்ட கம்பிகள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது நார் அரிக்கப்பட்ட அடையாளம் இல்லை.

இன்னும் பழைய சாட்சியும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் எச்எம்எஸ் வில்டன், 1973-ல் பணியில் சேர்ந்த கண்ணிவெடி தேடும் கப்பல். இரும்பை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகளிடம் தப்பிக்க, 46 மீட்டர் உடலையும் கண்ணாடி நாரிலேயே செய்தார்கள். உலகின் முதல் ஃபைபர் போர்க்கப்பல் அது. குளிர்ந்த கடல்களில் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்து, 1994-ல் ஓய்வு பெற்று, பிறகு தேம்ஸ் முகத்துவாரத்தில் ஒரு படகு மன்றத்தின் கூடமாக மாறியது.

அப்படியென்றால் செயலாளர் ஜெயித்துவிட்டாரா? இல்லை. அதே குளிர்க் கடலில் இன்னொரு கதையும் நடந்தது.

2023 ஜூன் 18. டைட்டானிக் கப்பலைப் பார்க்க இறங்கிய டைட்டன் என்ற நீர்மூழ்கி நசுங்கி, உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அதன் உடல் கரிம நாரும் ரெசினும். நம் கண்ணாடி நாருக்குப் பணக்கார அண்ணன் என்று வையுங்கள். டைட்டானிக் கிடக்கும் ஆழம் ஏறத்தாழ 3,800 மீட்டர். அதற்கு முந்திய ஆண்டு, 2022 ஜூலையில், ஒரு பயணத்தை முடித்து மேலே வரும்போது பலத்த வெடிச்சத்தம் கேட்டது. பிறகும் அந்த உடலைப் பிரித்து முறையாகச் சோதிக்கவில்லை. அடுத்த குளிர்காலம் முழுவதும் நியூஃபவுண்ட்லாந்தில் திறந்த வெளியில், பனியிலும் மழையிலும் கிடந்தது.

தண்ணீர் உறையும்போது 9 விழுக்காடு பெருக்கும். வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில் நிறைய ஊற்றிய கண்ணாடிப் போத்தலை மறந்து வைத்தவர்களுக்கு இது தெரியும். அடுக்குகள் ஏற்கெனவே பிரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுநாள் உறைந்தால், ஆப்பு வைத்துப் பிளப்பதுபோல அந்தப் பிளவு நீளும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, வெளியில் போட்டு வைத்ததைப் பிழைகளில் ஒன்றாகச் சொன்னது. ஆனால் முதன்மைக் காரணமாக அது சொன்னது குளிரை அல்ல. வடிவமைப்பு, சான்றிதழ், பராமரிப்பு, சோதனை ஆகியவற்றில் இருந்த குறைகளை. உடலின் அடுக்குகளுக்குள் சுருக்கங்களும் வெற்றிடங்களும் இருந்ததை வேறோர் ஆய்வு காட்டியது.

கனடா பாலக் கம்பிக்கும் டைட்டனுக்கும் பட்ட குளிர் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்று தாங்கியது, இன்னொன்று தாங்கவில்லை. இரண்டின் சுமையும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம், ஒன்றைத் திறந்து பார்த்தார்கள். மற்றதைத் திறந்து பார்க்கவில்லை.

"சரி அண்ணே, நம்ம ஊர்ல பனியே இல்லையே?" என்று செயலாளர் கேட்டார். அதுவும் நல்ல கேள்விதான். நமக்கு உறையும் ஆபத்து இல்லை. ஆனால் நமக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது. ரசாயன மாற்றங்களின் வேகம், வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒரு ஃபைபர் பொருள் பல பத்தாண்டு தாங்குமா என்று அறிய விரும்பும் பொறியாளர்கள் அதை 40, 60 பாகை வெந்நீரில் சில மாதம் ஊறப்போடுவார்கள். காலத்தைச் சுருக்கும் குறுக்குவழி அது. பினாங்கில் மதிய வெயிலில் மொட்டை மாடித் தொட்டியின் மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சோதனை நம் தலைக்கு மேல் ஆண்டு முழுதும் நடந்துகொண்டிருக்கிறது. கறுப்புத் தண்ணீர் என்று பொருள்படும் பெயரையே வைத்துக்கொண்ட ஊர் இது, ஈரத்துக்கும் பஞ்சமில்லை.

அவசரத்துக்கும் பஞ்சமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தெலுக் பகாங் மீனவர்களின் படகுகளை ஒட்டித் தர நானும் போனேன். எல்லாருக்கும் நாளையே கடலுக்குப் போக வேண்டும். அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம், நாகப்பட்டினம் தொடங்கித் தமிழ்நாட்டுக் கரையெங்கும் இதே கதை பெரிய அளவில் நடந்தது. மரக் கட்டுமரம் இழந்தவர்களுக்கு உதவி அமைப்புகள் ஃபைபர் வள்ளங்களை வாங்கித் தந்தன. தேவை பெருகியதும் புதுப் பட்டறைகள் முளைத்தன. சுனாமி பாதித்த நாடுகளில் அவசரமாகக் கட்டப்பட்ட தரம் குறைந்த படகுகளைப் பற்றி ஐநாவின் உணவு வேளாண்மை நிறுவனம் எச்சரித்து, பாதுகாப்பான படகு கட்டும் வழிகாட்டிகளையும் வெளியிட்டது. நல்ல மனத்தோடு கொடுத்த படகாக இருந்தாலும், ஈர நாரில் ரெசின் பிடிக்காது.

இப்போது எங்கள் தொட்டிக்கு வருவோம். இதன் பலகைகள் தொழிற்சாலையில் சூடான அச்சில் அழுத்திச் செய்தவை. ரெசின் முழுதாக இறுகியவை. இருபத்தைந்து ஆண்டு ஆகியும் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. ஒரு 20 காசு நாணயத்தை எடுத்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் 'டிங்' என்று தெளிவாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும். தேங்காய் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கிழக்கு மூலையில் மட்டும் இரண்டு சாண் அகலத்துக்குத் 'தொப்'. அங்கே ஏற்கெனவே யாரோ கையால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். எப்போது என்று விசாரித்தேன். நான்கு ஆண்டுக்கு முன், அக்டோபரில், மழைக்காலத்தில்.

செயலாளர் பேசாமல் நின்றார். அந்த நாணயத்தை வாங்கித் தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

உங்கள் தொட்டியையும் நீங்களே பார்க்கலாம். வெளிப்புறத்தில் பளபளப்புப் போய், கையை வைத்தால் அரிக்கிறதா? வெயில் ரெசினைத் தின்று நாரை வெளியே விட்டிருக்கிறது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குழாய் நுழையும் துளையிலும் வெட்டிய ஓரத்திலும் நார்முனை தெரிகிறதா? தண்ணீருக்கு அதுதான் வாசல்; ரெசின் பூசி அடைத்திருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சைப் பாசியா? சுவர் வழியே வெளிச்சம் ஊடுருவுகிறது என்று பொருள். புதிதாக ஒட்டுப் போட்ட இடத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை. அந்த ஆளுக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். ஃபைபர் நன்றாக இருந்தும் போல்ட்டுகள் துருப்பிடித்துத் தொட்டி விரிவதும் உண்டு, அவற்றையும் பாருங்கள். மாடி உயரத்தில், ஒற்றை ஆளாக ஏறாதீர்கள். தொட்டிக்குள் இறங்குவதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். ரெசின் வாடை மூடிய இடத்தில் மயக்கம் தரும்.

ஒட்டுப் போடுவதென்றால் முறை இதுதான். தண்ணீரை வடித்து, மூலையை நன்றாகக் காயவிட வேண்டும். பழைய ஒட்டை முழுதும் தேய்த்து எடுக்க வேண்டும். குடிநீருக்கு ஏற்ற ரெசினைத்தான் பயன்படுத்த வேண்டும். முழுதாக இறுகிய பிறகு பலமுறை கழுவி ஊற்றிய பின்னரே குடிக்கத் திறக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஐந்தாறு நாள். பெயின்ட் இதில் எங்கேயும் வராது.

"அஞ்சு நாள் தண்ணி இல்லன்னா எண்பது குடும்பமும் என் வீட்டு வாசல்ல நிக்கும்" என்றார் செயலாளர். அதுவரை பேசாமல் இருந்த ஏழாம் மாடிச் சீன நண்பர்தான் வழி சொன்னார். தொட்டி நடுவில் தடுத்து இரண்டு அறையாக இருக்கிறதே. ஒன்றை அடைத்தால் மற்றது ஓடுமே என்றார். அந்தத் தடுப்பு இருப்பதே இதற்காகத்தான். வால்வு எங்கே இருக்கிறது என்றுதான் எங்களில் யாருக்கும் நினைவில்லை. பத்து நிமிடம் தேடி, பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கண்டுபிடித்தோம்.

முடிவு இது. கிழக்கு அறையை இப்போதே வடித்து மூடி வைப்பது. தீபாவளிக்கு மேற்கு அறைத் தண்ணீர் போதும். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் கொஞ்சம் முன்பின்னாக எழுந்தால் சரி. மழை விட்டு ஜனவரியில் வெயில் வந்ததும், சீனப் புத்தாண்டுக்கு முன் மூலையை முறையாகச் செய்வது. வேலை நடக்கும் நாளில் நான் கூட நிற்பது.

கடைசி வரியைக் குழு கேட்கவில்லை, நானாகச் சொன்னது. அன்று மலைமேல் வாய் திறக்காமல் இருந்தவன், இந்த முறை நாரைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் "நாளைக்கு வாங்க" என்று சொல்லப் போகிறேன்.